அஜ்மல் என்று எழுதிய குப்பி

சோழவந்தான்
11 மார்ச் 1945

மச்சானுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை.

நான் அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று மாதத்துக்கு மேலாகிறது. நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் உங்கள் கல்லூரி லேப் அட்டெண்டர் பேயாண்டியின் பெண்சாதி மாயக்காள், இங்கே கொடிக்காலில் வேலை பார்க்கிற தன் அக்காளைப் பார்க்க வந்தவள், என்னையும் பார்த்துத் துக்கம் கேட்டுவிட்டுப் போக வந்தாள். நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாக ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

“அய்யா பிள்ளைய மறக்கலம்மா. பிள்ளை பேர எழுதி ஒரு குப்பி வச்சிருக்காராம். வெள்ளிக்கிழமை தவறாம அதுக்குக் கடல்பாசியும் கறிச்சாறும் காய்ச்சி ஊத்துறாராம். எங்க வீட்டுக்காரரு சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு.”

குப்பியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பிள்ளையின் காதிலிருந்து எடுத்த சீழ் என்றாள்.

அன்றைக்கு அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நம் மகள் மவுத்தாகி ஆறு மாதம் முடியவில்லை. அவளைக் கொண்டுபோனது எதுவோ அதை நீங்கள் உட்காரவைத்துச் சோறு போட்டு வளர்க்கிறீர்கள், அதற்கு அவள் பேரையே வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு மூன்றாம் மனுஷி வந்து சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதுவும் கடல்பாசி. நோன்பு மாதம் முழுக்க அவள் கேட்டுக் கேட்டுத் தின்றது. பாலும் சர்க்கரையும் ஊற்றிக் காய்ச்சி, ஆறவைத்து வில்லை போட்டால், பாதியைக் கடித்துவிட்டு மீதியை ஓடிவந்து உங்கள் வாயில் திணிப்பாள். எச்சில் என்று நான் அதட்டினால் நீங்கள் வாயைத் திறந்து காட்டிச் சிரிப்பீர்கள்.

மாயக்காள் சொன்னது உண்மையா? ஒரே வார்த்தையில் பதில் எழுதுங்கள். நீங்கள் நீட்டி முழக்கினால் எனக்குப் படிக்கத் தெம்பில்லை.

ஷரீபா


காஜிமார் தெரு, மதுரை
17 மார்ச் 1945

ஷரீபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஒரே வார்த்தையில் கேட்டிருக்கிறாய். உண்மை.

ஆனால் ஒரு வார்த்தையில் விட்டால் அது பொய்யைவிட மோசமாகிவிடும். அதனால் கொஞ்சம் பொறுத்துப் படி.

ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்த மறுநாள், காதில் என்ன கிருமி என்று தெரிந்தால் டாக்டருக்கு உதவும் என்று ஒரு பஞ்சுக் குச்சியில் தொட்டு வாங்கிக்கொண்டு லேபுக்கு ஓடினேன். கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டில் வளர்ந்தது. பொன் நிறத்தில் புள்ளி புள்ளியாக வரும் கிருமி. தட்டு பழசாகப் பழசாக ஆரஞ்சுப் பழத் தோல் நிறமாகி, ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் குழி விழும். இப்படி ஒன்றை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அது வளர்ந்து நிறம் வந்தபோது டாக்டருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவருடைய மாத்திரையும் கேட்கவில்லை. பெனிசிலின் பட்டாளத்துக்கு மட்டும்தான் என்று சொன்னார்கள், உனக்கே தெரியும்.

யாரிடமிருந்து எடுத்தோமோ அவர் பேரைக் குப்பியில் எழுதுவது லேபில் வழக்கம். நான் அதிசயமாக ஒன்றும் செய்யவில்லை. அதே அலமாரியில் ஜட்கா வண்டி கருத்தக்கண்ணன் என்று ஒரு குப்பி இருந்தது, அவன் பிடரியில் வந்த கட்டி. சோலையம்மாள் என்று ஒன்று இருந்தது, கால் புண். அவர்கள் இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்தக் குப்பிகளை எப்போதோ கொட்டிவிட்டேன்.

இதைக் கொட்டவில்லை. ஏனென்றால் ஒரு மருந்து தேடுகிறேன். பெனிசிலின் ஒரு பூஞ்சைக் காளானிலிருந்துதான் வந்தது. நம் ஊர் மண்ணிலும் அப்படி ஒன்று இருக்கக்கூடாதா? ஆற்று மணல், ஆனையூர்க் கண்மாய் வண்டல், கோச்சடை வயல் மண் என்று எங்கே போனாலும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறேன். தட்டு முழுக்க அந்தக் கிருமியைப் பரப்பி, நடுவில் மண்ணில் கிடைத்ததை வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழவேண்டும். அந்த வட்டத்துக்காகக் காத்திருக்கிறேன். எதை நிறுத்த வேண்டுமோ அது உயிரோடு இருந்தால்தான் எது அதை நிறுத்தும் என்று தெரியும். வாரம் ஒரு முறை புதுக் குப்பிக்கு மாற்றாவிட்டால் அது செத்துப்போகும். ஜும்மாவுக்குப் பிறகு எனக்கு வகுப்பு இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை.

கடல்பாசியைப் பற்றி எழுதியிருந்தாய். முன்பு ஜப்பானிலிருந்து தூளாக வந்தது. சண்டை வந்தபின் வருவதில்லை. கீழக்கரை சாச்சா அனுப்புகிற பாசியைத்தான் லேபிலும் காய்ச்சுகிறோம். அது இல்லாமல் கிருமி நிற்க இடம் கிடையாது. வேண்டுமென்று செய்ததாக நினைக்காதே.

எல்லாவற்றையும் விளக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்ட மாதிரி இருக்கிறது.

சேக் இஸ்மாயில்


சோழவந்தான்
25 மார்ச் 1945

மச்சானுக்கு,

நன்றாக வகுப்பு எடுத்தீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட மாதிரியே இருந்தது. பரீட்சை எப்போது?

நீங்கள் சொல்லாமல் விட்டது என்ன என்று நான் சொல்லவா? நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி, வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின், அடுப்படி வாசலில் நின்று என்னிடம் சொன்னீர்களே, அது. “மடியில வச்சு அமுக்கிப் பிடிச்சவ நீதானே.” அவ்வளவுதான் சொன்னீர்கள். உரக்கக்கூடச் சொல்லவில்லை. அலுக்கத்து வளையம் போடக் காது மடல் சுற்றிலும் குத்த வேண்டும் என்று நின்றது நான்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் குத்தியதுதான். தட்டார் ஊசியை எடுத்ததும் பிள்ளை துள்ளியது, நான்தான் பிடித்துக்கொண்டேன். இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆனால் அன்றைக்குக்கூட உங்களைப் பற்றி நான் ஒன்றை நினைத்து மனதை ஆற்றிக்கொண்டேன். காதில் சீழ் வைக்கத் தொடங்கியதும், ஓதி ஊதுங்கள் என்று உங்களிடம் கேட்டேன். உங்கள் அத்தா ஓதிப் பார்த்தவர், அவர் போனபின் தெருவில் பிள்ளைகளுக்குச் சுகமில்லை என்றால் உங்களிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சயன்ஸ் படித்த ஆள் என்று முதலில் சிரித்தீர்கள். பிறகு மஃரிப் தொழுதுவிட்டு வந்து, காதில் கட்டிய துணியை அவிழ்த்து, அவள் காதருகே குனிந்து மெல்ல ஓதி ஓதி ஊதினீர்கள். கூசுது அத்தா என்று அவள் சிரித்தாள். கடைசியாக அவள் சிரித்தது அதற்குத்தான். நான் எல்லாவற்றையும் கெடுத்தேன், இவர் ஒருவராவது பிள்ளைக்கு நல்லது செய்தார் என்று இருந்தேன்.

இப்போது அந்த ஆறுதலும் இல்லை. மாயக்காள் வந்து போனதிலிருந்து பிள்ளை கனவில் வருகிறது. காதில் துணி கட்டியபடி வாசலுக்கு வெளியே நிற்கிறது. உள்ளே வா என்றால் வருவதில்லை. பசிக்குது என்கிறது. என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் கல்லூரிப் பக்கம் கையைக் காட்டுகிறது. சோழவந்தானில் நின்றுகொண்டு மதுரையைக் காட்டுகிறது.

மண்ணில் வைத்து மூடிவிட்டால் முடிந்தது, மேலே எதையும் மிச்சம் வைக்கக்கூடாது. நகத்தை வெட்டினாலும் புதைக்கிற ஜனங்கள் நாம். அவள் உடம்பிலிருந்து வந்த ஒன்று மண்ணுக்கு மேலே தின்றுகொண்டிருந்தால் அவள் எப்படிப் படுப்பாள்?

அதைக் கொன்றுவிடுங்கள். கொன்றுவிட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகு நாம் பேசலாம்.

ஷரீபா


காஜிமார் தெரு, மதுரை
20 மே 1945

ஷரீபாவுக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். கல்லூரிக்கு லீவு விட்டாயிற்று, சாக்குச் சொல்லவும் வழியில்லை.

வட்டம் விழுந்துவிட்டது. மாட்டுத்தாவணியில் சந்தை கலைந்த மறுநாள், சாணமும் வைக்கோலும் மிதிபட்டுக் கிடந்த இடத்தில் அள்ளிய மண். அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று முளைத்தது, புது மழை பெய்த வாடையோடு. அதைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குக் கிருமி இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. பேயாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அய்யா, ஏழு மாசத்துக்கு முந்தி விழுந்திருக்கக் கூடாதா இது” என்றான். எனக்கும் அதுதான் தோன்றியது, அவன் சொன்னதால் அவன் மேல் எரிந்து விழுந்தேன்.

எங்கள் லேப் ப்ரொபசர் என்னைத் தட்டிக்கொடுத்தார். பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு எழுதலாம் என்கிறார். குப்பியில் பேரை அழித்துவிட்டு நம்பர் போடச் சொன்னார், கட்டுரையில் பேர் வரக்கூடாதாம். சரி என்றேன். அழிக்கவில்லை.

நீ கொல்லச் சொன்னாய். முடியவில்லை. மருந்துக்காக என்று போன கடிதத்தில் எழுதினேன். அது பாதிதான் உண்மை. மீதியை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஷரீபா, குப்பியைத் திறந்தால் ஒரு வாடை வருகிறது. அவள் காதில் கட்டிய துணியின் வாடை. எனக்கு அவள் முகம்கூடச் சில நேரம் கலங்கித்தான் வருகிறது, குரல் சுத்தமாகப் போய்விட்டது. இந்த வாடை மட்டும் அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் போனபின் நான் மூடியைத் திறக்கும்போது, பக்கத்தில் ஸ்டூலில் யாரோ ஏறி உட்காருகிற மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. பிஸ்மி சொல்லித்தான் கிருமியைத் தொட்டு மாற்றுகிற கம்பியை உள்ளே விடுகிறேன், பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல. எனக்குப் புத்தி பிசகவில்லை. அது கிருமி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்தபோது, அவள் பட்டினி கிடப்பாள் என்று எழுந்து ஆற்றைக் கடந்து போனேன்.

முயலுக்குக் கொடுத்துப் பார்க்கிற சோதனை ஒன்று பாக்கி. அது முடியட்டும். அதுவரைக்கும் தவணை கொடு.

சேக் இஸ்மாயில்


சோழவந்தான்
2 ஜூன் 1945

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உங்களுக்காக அழுதேன். பிறகு பயம் வந்தது. நீங்கள் உயிரோடிருப்பது அந்த அலமாரிக்குள்தான் என்று தெரிந்துவிட்டது.

அண்ணன் உமர் பாரூக் பொறுமை இழந்துவிட்டார். “அவரு வந்து கூப்பிடுறாரா, இல்ல ஜமாஅத்துல வச்சுப் பேசித் தீத்துக்குவமா, ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லு” என்கிறார். நோன்பு பிறக்கும்வரை பொறுங்கள் என்று நான்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நோன்புக்குள் அதை முடித்துவிடுங்கள். ஒரே வீட்டில் அதற்கும் எனக்கும் இடம் கிடையாது. இதற்குமேல் நான் எழுத மாட்டேன்.

ஷரீபா


காஜிமார் தெரு, மதுரை
3 ஆகஸ்ட் 1945, வெள்ளி

ஷரீபாவுக்கு,

முடித்துவிட்டேன்.

மாட்டுத்தாவணி மண்ணில் கிடைத்தது மருந்தல்ல, விஷம். கிருமியை நிறுத்துகிற அளவு கொடுத்தால் முயலும் நிற்கிறது. ப்ரொபசர் அளவைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கடைசி முயல் செவ்வாய்க்கிழமை செத்தது. அப்புறம் அந்தக் குப்பியை வைத்திருக்க என்னிடம் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. மிச்சமிருந்த காரணம் உன்னை வரவிடாமல் செய்கிறது.

இன்று ஜும்மா முடிந்து லேபுக்குப் போனேன். புதுக் குப்பி எடுக்கவில்லை. பேர் எழுதிய குப்பிகளையும், அதைப் பரப்பியிருந்த தட்டுகளையும் ஒன்றுவிடாமல் எடுத்து, ஆட்டோகிளேவ் என்கிற ஆவி அண்டாவுக்குள் அடுக்கினேன். பேயாண்டி தான் செய்வதாகச் சொன்னான். நீ வெளியே இரு என்றேன். மூடியைத் திருகிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். ஆவி சீறத் தொடங்கியதும், மவுத்தானவர்களுக்கு ஓதுகிற யாஸீன் எனக்கு வாயில் வந்தது, ஓதினேன். பாவமோ என்னவோ.

ஆறியபின் எல்லாம் கலங்கிய கஞ்சியாக இருந்தது. வாடை போய்விட்டது. கல்லூரிக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் பேயாண்டி குழி வெட்டினான், நான் ஊற்றி மண் தள்ளினேன். மூன்று கைப்பிடி நான் போட்டேன், அவனாக மூன்று கைப்பிடி போட்டான்.

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். நீ கேட்டது நடந்துவிட்டது. நான் வந்து கூப்பிடட்டுமா? எழுது.

சேக் இஸ்மாயில்


சோழவந்தான்
3 ஆகஸ்ட் 1945, வெள்ளி

மச்சானுக்கு,

இனி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன். ஜூன் மாதம் நான் எழுதியதற்கு இன்றுவரை உங்களிடமிருந்து பதில் இல்லை. நல்லதாகப் போயிற்று. குப்பியை ஒன்றும் செய்யாதீர்கள்.

மதினிக்குப் பெண் பிறந்திருக்கிறது. அஜ்மல் பீவி என்று பேர் வைக்கலாமே என்று கேட்டேன். அண்ணன் பேச்சை மாற்றிவிட்டார். பிறகு அடுப்படியில் மதினி மெல்லச் சொன்னாள், தங்காத பிள்ளை பேரை எப்படி வைக்கிறது என்று. மைதீன் பீவி என்று வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. என் முன்னால் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது என்று இந்த வீட்டில் எல்லாரும் பழகியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானும் எத்தனையோ நாளாக வாய்விட்டுச் சொல்லவில்லை.

போன வாரம் அண்ணன் மதுரைக்குப் போனார். மையவாடிக்குள் போய் அவள் கபரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. குடைந்து கேட்டதும் சொன்னார். ஐப்பசி மழையில் மண் உட்கார்ந்துவிட்டதாம். நாம் நட்ட நொச்சிக் கொம்பை ஆடு கடித்துவிட்டதாம். அந்த வரிசையில் புதிது புதிதாக வந்துவிட்டதால் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அப்படியென்றால் இந்த உலகத்தில் அவள் பேர் எழுதியிருக்கிற இடம் உங்கள் அலமாரி ஒன்றுதான். அவளை நினைத்து வாரம் தவறாமல் எழுந்து போகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். அதையும் கொல்லச் சொன்னேனே என்று அடித்துக்கொள்கிறேன்.

பச்சைப் பிள்ளை இருபொழுதும் அழுகிறது. இஸ்மாயில் மச்சான் இருந்தால் ஓதி ஊதியிருப்பார் என்று மதினி நேற்றுச் சொன்னாள். எனக்கு நீங்கள் குனிந்து ஊதியதும், கூசுது அத்தா என்றதும் காதில் விழுந்தது. கோபம் இல்லை. வெகு நாளைக்குப் பிறகு கோபம் இல்லை.

குப்பி இருக்கட்டும். இந்த வெள்ளிக்கிழமை நீங்கள் போயிருப்பீர்கள். அடுத்த வெள்ளியும் போங்கள்.

ஷரீபா


காஜிமார் தெரு, மதுரை
16 ஆகஸ்ட் 1945

ஷரீபாவுக்கு,

நீ ‘வேண்டாம்’ என்று எழுதிக்கொண்டிருந்த அதே வெள்ளிக்கிழமை நான் மண் தள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என் கடிதத்தைப் படித்து நீ என்ன ஆனாய் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நீ பதிலும் போடவில்லை.

உன் கடிதம் கிடைத்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் காதில் கட்டிய துணியா, அதெல்லாம் போன வருஷமே எரித்தாயிற்று என்றார்கள். லேபில் பழைய தட்டு ஏதாவது தப்பியிருக்குமா என்று அலமாரி அலமாரியாகத் தேடினேன். வேப்ப மரத்தடியையும் கிளறிப் பார்த்தேன். வெந்தது எப்படி வளரும்? இதைப் பாடமாக நடத்துகிறவன் நான்.

இதற்கு மேல் எழுதப் போவதை உட்கார்ந்துகொண்டு படி.

புது வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. நோயே இல்லாத மனுஷன் மூக்கிலும் கிருமி இருக்கும் என்று காட்ட, ஒருவன் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுத் தட்டில் தேய்ப்போம். யாரும் முன்வரவில்லை. என் மூக்கிலேயே விட்டுக் காட்டினேன். தட்டை மேசை மேல் வைத்ததோடு மறந்துவிட்டேன். திங்கட்கிழமை பேயாண்டிதான் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். என் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

ஆரஞ்சுப் பழத் தோல் நிறம். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் குழி. திறந்தேன். அந்த வாடை.

பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அவளுடையது இல்லை, நான்தான் அழித்துவிட்டேனே. ஆனாலும் பத்து மாதம் வாரா வாரம் பார்த்த கண் இது.

அது என் மூக்குக்கு எப்படி வந்தது? இரண்டு வழி உண்டு. குப்பியைத் திறந்து மூடிய பத்து மாதத்தில் அவளிடமிருந்து எனக்கு வந்திருக்கலாம். அல்லது எனக்குத் தெரியாமலே முன்பிருந்தே என்னிடம் இருந்து, நான் அவள் காதருகே குனிந்து ஓதி ஓதி ஊதியபோது அவளுக்குப் போயிருக்கலாம். ஊசிப் புண் ஆறிப்போகிற புண்தான். தெருவில் எத்தனை பிள்ளைகளுக்குக் காது குத்துகிறார்கள்.

எது முந்தி என்று சொல்ல எந்தச் சோதனையும் கிடையாது. அவளுக்குக் காது குத்துவதற்கு முன்பே என் மூக்கில் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எவன் எடுப்பான்?

மடியில் பிடித்தவள் நீதானே என்று சொன்ன வாய் இது. அந்த வாயால்தான் ஊதினேன். இப்போது உன்னிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை வந்து கூப்பிட எனக்கு முகம் இல்லை. ஜமாஅத்தில் பேசுவதானால் பேசச் சொல், எதற்கும் சம்மதம்.

தட்டிலிருந்து ஒரு குப்பிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். லேப் வழக்கப்படி சேக் இஸ்மாயில் என்று எழுத வேண்டும். இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். என் பேரை எழுதினால் நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். அவள் பேரை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பேர் இல்லாமல் நிற்கிறது.

ஜப்பான் சரணடைந்துவிட்டது என்று தெருவில் வெடி போடுகிறார்கள். இனி நல்ல கடல்பாசி வரும் என்கிறார் ப்ரொபசர்.

சேக் இஸ்மாயில்


சோழவந்தான்
21 ஆகஸ்ட் 1945

மச்சானுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு நோன்பு திறக்கிற நேரம்வரை எழுந்திருக்கவில்லை.

நீங்கள் கொன்றுவிட்டதாக எழுதிய கடிதம் வந்தபோது, இரண்டாவது தடவை பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி கிடந்தேன். பதில் எழுதக் கை வரவில்லை. அதற்குள் இது வந்துவிட்டது.

அடுப்படி வாசலில் நீங்கள் சொன்னதை நான் மறக்க மாட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். ஆனால் ஓதி ஊதுங்கள் என்று உங்களை வற்புறுத்தியது நான். உங்கள் மேல் பழியைப் போட்டால் அது சுற்றிக்கொண்டு என்னிடமேதான் வருகிறது. என் மேல் போட்டால் உங்களிடம் வருகிறது. நாம் இரண்டு பேரும் அவள் மேல் ஆசையாகச் செய்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, மச்சான். தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், வேறொன்றும் இல்லை.

எது முந்தி என்று உங்கள் படிப்பால் சொல்ல முடியாது என்கிறீர்கள். அப்படியானால் பெற்றவள் சொல்கிறேன். அஜ்மலுக்கு எதையும் தனியாகத் தின்னத் தெரியாது. பாதியைக் கடித்ததும் மீதியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் ஓடுவாள். இதுவும் அவள் தந்தது. அவளிடமிருந்துதான் உங்களுக்கு வந்தது. இதைப் பற்றி இனி நீங்கள் யோசிக்கக்கூடாது, யாரும் சோதிக்கவும் கூடாது.

குப்பியில் அஜ்மல் என்று எழுதுங்கள்.

நான் வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை அண்ணன் ரயில் ஏற்றிவிடுவார். ஜும்மா முடிந்து நீங்கள் லேபுக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் அதைப் பார்க்க வேண்டும். என் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டுப் பாருங்கள். எனக்கும் ஒரு பங்கு வைத்திருப்பாள்.

நீங்கள் இங்கே வந்து கூப்பிட வேண்டாம். வந்தால் மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டுவந்து உங்களிடம் நீட்டுவாள். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நானும் அந்தப் பிள்ளையைத் தூக்குவதில்லை. ஏன் என்று கேட்டார்கள், தடுமன் என்று சொல்லியிருக்கிறேன்.

தெருவில் யார் கொண்டுவந்து கேட்டாலும் தூர நின்று துஆ மட்டும் கேளுங்கள். எந்தப் பிள்ளை மேலும் ஊதாதீர்கள்.

ஷரீபா